மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு ஓடத் தொடங்குவது எப்படி?

ஓடலாமா, கூடாதா என்ற சந்தேகம் இப்போது தேவையில்லை. புற்றுநோய் சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் உடற்பயிற்சி பாதுகாப்பானதுதான் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2010-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் அளவையும் சொன்னார்கள்: வாரத்தில் மூன்று நாள் 30 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி. இதை 8 முதல் 12 வாரம் விடாமல் செய்தால் சோர்வும் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன, அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு கூடுகிறது.

எப்போது தொடங்குவது, எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறுவை, கீமோ, ரேடியேஷன், மாத்திரை என்று ஒவ்வொரு சிகிச்சையும் உடம்பில் வெவ்வேறு இடத்தில் கை வைக்கிறது. அந்த இடங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மூச்சு நாலைந்து வாரப் பயிற்சியில் நன்றாகவே கூடிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதம் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டியவர்கள்தான் கணுக்காலையும் குதிகாலையும் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். எந்தப் பாகம் கடைசியாகத் தேறுமோ, அதன் வேகத்தில்தான் போக வேண்டும்.

மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஓடலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்த்து ஓடுங்க" என்று பொதுவாகத்தான் பதில் வரும். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்.

முதலில் இதயம். டாக்சோரூபிசின், எபிரூபிசின் ஆகிய கீமோ மருந்துகளும், ஹெர்-2 பாசிட்டிவ் வகைக்குக் கொடுக்கும் டிராஸ்டுஸுமாபும் இதயத் தசையைத் தளர்த்தக்கூடியவை. இந்த இரண்டு வகையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தாலோ, இடது பக்கம் ரேடியேஷன் நடந்திருந்தாலோ, ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தாலோ கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கடைசியாக எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு எத்தனை சதவீதம் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். டிராஸ்டுஸுமாப் போய்க்கொண்டிருக்கும்போது வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள். அந்த எண் 50-க்குக் கீழே இறங்கியிருந்தால், இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து எலும்பு. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும், கீமோவால் மாதவிலக்கு முன்கூட்டியே நின்றவர்களுக்கும் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் -1-க்கும் -2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது, -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மெலிந்த நிலையில் படிப்படியாக ஓடலாம், அந்த அதிர்வு எலும்புக்கு நல்லதும்கூட. எலும்புப்புரை என்றால் வேகநடையும் தசைப் பயிற்சியும் முதலில் வரட்டும். ஓட்டத்தைப் பற்றி மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த எலும்பு, எவ்வளவு தாங்கும் என்று படம் பார்த்துச் சொல்லாமல் ஓர் அடிகூட ஓடக் கூடாது.

மூன்றாவது, அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள், அங்கே ரேடியேஷனும் கொடுத்தார்களா என்ற விவரம். ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால் நிணநீர் தேங்கிக் கை வீங்கும் வாய்ப்பு குறைவு. முழுவதையும் சுத்தம் செய்து ரேடியேஷனும் கொடுத்திருந்தால் அதிகம்.

ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருக்கும்போது கடும் பயிற்சி வேண்டாம் என்பதும், தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருக்கும்போது விழுந்து அடிபடக்கூடிய எதையும் செய்ய வேண்டாம் என்பதும் பொதுவாகப் பின்பற்றும் வரம்புகள்.

அறுவைக்குப் பிறகு: ஓட்டத்துக்கு முன் தோள்

அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஐந்தைந்து நிமிடமாக நாளைக்கு நாலைந்து முறை போதும். வடிகுழாய் இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க வேண்டாம். குழாய் எடுத்து, அறுவை மருத்துவர் சரி சொன்ன பிறகு சுவரில் விரல் நடத்தும் பயிற்சியைத் தொடங்கலாம்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்றி, இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, 5 நொடி வைத்திருந்து இறக்க வேண்டும். ஒரு வேளைக்கு 5 முதல் 10 முறை, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரையோ மணிக்கட்டு வரையோ தோலுக்கடியில் கம்பி இழுத்துக் கட்டியதுபோல ஓர் இழை புடைத்து, கையை நீட்டவே முடியாது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் வரும் இது ஆபத்தானதல்ல. மெதுவான நீட்டல்களாலும் பிசியோதெரபிஸ்டின் கைவேலையாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். தானாகப் பிடித்து இழுத்து அறுத்துவிடப் பார்க்காதீர்கள்.

ஓட்டத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? கை முன்னும் பின்னும் ஆடினால்தான் இடுப்பும் முதுகும் சமமாகத் திரும்பும். வலிக்கு பயந்து ஒரு கையை மார்போடு ஒட்டிவைத்து ஓடும்போது உடம்பு ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் எதிர்ப்பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். அப்போது முழங்காலுக்கு மருந்து தடவிப் பயனில்லை.

ஆக, ஓடத் தொடங்கும் முன் இவையெல்லாம் தேறியிருக்க வேண்டும்: குழாய் எடுத்தாயிற்று, காயம் முழுக்க மூடியிருக்கிறது, தோலுக்கடியில் நீர் கோத்த வீக்கம் இல்லை, இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் போகின்றன, 30 நிமிட வேகநடையில் மார்பில் இழுப்போ வலியோ இல்லை. கட்டியை மட்டும் எடுத்திருந்தாலும் மார்பகத்தையே எடுத்திருந்தாலும் இதற்கு பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். வயிற்றிலிருந்து தசையோ கொழுப்போ எடுத்து மார்பகத்தை மறுசீரமைத்திருந்தால் 8 முதல் 12 வாரம் வரைகூடப் போகலாம். அங்கே ஆற வேண்டியது இரண்டு காயம், வயிற்றுச் சுவரின் பலம் திரும்பாமல் ஓடினால் முதுகுதான் சுமை தாங்கும்.

கீமோவும் ரேடியேஷனும் நடக்கும்போது

இந்தக் காலத்தில் புதிதாக ஓடத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள் வேகத்தையும் தூரத்தையும் பாதியாக்கித் தொடரலாம், மற்றவர்களுக்கு நடைதான். படுத்தே கிடப்பதைவிடத் தினமும் 15 நிமிடம் நடப்பது சோர்வைக் குறைக்கும் என்பது முரண்போலத் தெரிந்தாலும் உண்மை.

கீமோ ஏற்றிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் கூட்டமான ஜிம், பொது நீச்சல் குளம் எல்லாம் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தெலும்புக்குக் கீழே மருந்து ஏற்றும் போர்ட் வைத்திருந்தால் ப்ராவின் பட்டை அதன்மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் மருந்து ஏற்ற நீளக் குழாய் போட்டிருந்தால் அந்தக் கையை வேகமாக ஆட்டும் எதையும் தள்ளிவையுங்கள்.

ரேடியேஷனில் சோர்வு கடைசி வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகும், முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். சிகிச்சை முடிந்துவிட்டதே என்று மறுநாளே ஓட இறங்கினால் ஏமாற்றம்தான். தோல் சிவந்து உரியும் இடத்தில் வியர்வையும் உரசலும் சேர்ந்தால் புண்ணாகும். அது ஆறும்வரை தளர்வான பருத்தி உடையில் நடை போதும். வெயில் அந்தத் தோலில் நேரடியாகப் படக் கூடாது. ரேடியேஷன் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ, முன்பு இல்லாத மூச்சுவாங்கலோ வந்தால் பயிற்சிக் குறைவு என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், மருந்து உண்டு. இன்னொன்று: ரேடியேஷன் பட்ட தசை பல மாதம் கழித்தும் இறுகும். அதனால் தோள் நீட்டல்களை ஒரு வருஷமாவது விடாதீர்கள்.

கையை அளப்பது

கை வீங்கிவிடும் என்று சொல்லி, பாத்திரம்கூடத் தூக்காதே என்று தடுத்துவைத்த காலம் ஒன்று இருந்தது. 1996-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் மெக்கன்ஸி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களைச் சேர்த்து, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் டிராகன் படகுக் குழு ஒன்றை அமைத்தார். துடுப்புப் போட்டும் கை வீக்கம் பெருகவில்லை. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையிலான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: ஏற்கெனவே கை வீங்கிய பெண்களே படிப்படியாக எடை தூக்கியபோது வீக்கம் கூடவில்லை, அது திடீர் திடீரென்று தலைதூக்குவதும் குறைந்தது. அந்தப் படிப்படிதான் முக்கியம்.

அளக்கும் முறை இது. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். மேசைமேல் கையை உள்ளங்கை கீழ்நோக்கி நீட்டிவையுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு நேராக ஒரு சுற்று. அங்கிருந்து 10 செ.மீ. மேலே ஒன்று, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே இன்னொன்று. நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கையிலும் அளந்து எழுதிவையுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில், காலையில் எழுந்ததும் அளப்பது நல்லது. சாயங்காலம் எல்லோருக்குமே கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஓடத் தொடங்கிய முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் போதும். முதல் நாள் இருந்த வித்தியாசத்தைவிட 2 செ.மீ. கூடினால் நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அளவு மாறுவதற்கு முன்பே கை கனப்பதும், மோதிரமோ வளையலோ ஜாக்கெட் கையோ இறுகுவதும் தெரிந்துவிடும். அந்த அறிகுறியை மதியுங்கள்.

ஓடும்போது கை கீழே தொங்கித் தொங்கி விரல்கள் உப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பத்துத் தடவை முஷ்டியை மடக்கி விரியுங்கள். கைக்கடிகாரமும் தண்ணீர்ப் போத்தலும் அறுவை நடக்காத பக்கக் கைக்குப் போகட்டும். வீக்கத்துக்காகக் கையில் அழுத்த உறை போடச் சொல்லியிருந்தால் ஓடும்போது அது கட்டாயம். கடையில் தோராயமாக எடுத்த உறை மணிக்கட்டில் இறுக்கி விரலை வீங்கவைக்கும் என்பதால், அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். வீக்கமே இல்லாதவர்களுக்கு உறை தேவைதானா என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். விழுந்து கையில் சிராய்த்தால் அப்போதே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று தள்ளினால் நோய்த்தொற்று ரத்தத்தில் பரவக்கூடும்.

உள்ளாடை

பலர் ஓட்டத்தை விட்டதற்குக் காரணம் மூச்சோ காலோ இல்லை, ப்ராதான். அறுவைத் தழும்பின்மேல் உணர்ச்சி பாதி செத்திருக்கும். உரசுவது ஓடும்போது தெரியாது, வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் தோல் உரிந்திருக்கும். வாங்கும்போது ப்ராவை உள்பக்கம் திருப்பி, தையல் எங்கெங்கே போகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பட்டை தழும்புக்கு மேலேயோ கீழேயோ இருக்க வேண்டும், நேராக அதன்மேல் அல்ல. கம்பி வேண்டாம். கை முழுக்க மேலே போகாதவர்களுக்கு முன்பக்கம் கொக்கியோ ஜிப்போ உள்ளதுதான் வசதி. தலைவழியாக மாட்டும் இறுக்கமான ப்ராவில் வியர்வையோடு சிக்கிக்கொள்வது நரகம். அக்குள் பக்கம் துணி ஆழமாக வெட்டும் மாடல்கள் நிணநீர் ஓடும் இடத்தை அழுத்தும், அதுவும் வேண்டாம்.

செயற்கை மார்பகம் வைப்பவர்கள் ஓட்டத்துக்கென்று தனியாக லேசான ஃபோம் வகை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. சிலிக்கோன் வகை கனமானது, வியர்வையில் வழுக்கும், ஒவ்வோர் அடிக்கும் குலுங்கும். பை வைத்துத் தைத்த ப்ராவில் அதை வைத்தால் நகராது. ஒன்றுமே வைக்காமல் ஓடுபவர்களும் நிறைய, அதிலும் தவறில்லை. எப்படியிருந்தாலும் தழும்பின்மேலும் பட்டை படும் இடங்களிலும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவிக்கொள்ளுங்கள். ரேடியேஷன் நடந்துகொண்டிருக்கும் தோலில் எதைத் தடவுவதானாலும் அந்தத் துறையில் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

மரத்துப்போன பாதம்

பாக்லிடாக்செல், டோசிடாக்செல் ஆகிய கீமோ மருந்துகள் போட்டவர்களில் பலருக்கு விரல்நுனியும் பாதமும் மரத்துப்போயிருக்கும், அல்லது சுருக் சுருக்கென்று குத்தும். தரையைப் பாதம் சரியாக உணராவிட்டால் கணுக்கால் புரளும். இவர்கள் முதல் சில மாதம் சமதளத்தில், பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓடட்டும். டிரெட்மில்லில் ஓடினால் பக்கக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஷூ சாயங்காலத்தில் வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மாட்டும் முன் உள்ளே கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்த பாதம் உங்களுக்குச் சொல்லாது. ஓடி முடித்ததும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு, குதிகால், நகம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கீமோவில் தளர்ந்த நகம் ஷூவில் இடித்துக் கழன்றுவிடுவது உண்டு.

தினமும் பல் துலக்கும்போது சுவரருகே நின்று ஒற்றைக் காலில் 10 நொடி. நாளாவட்டத்தில் 30 நொடி வரை கொண்டுபோங்கள்.

12 வார அட்டவணை

அட்டவணைக்குள் நுழைய ஒரு நிபந்தனை: வாரம் ஐந்து நாள், 30 நிமிட வேகநடையை, மறுநாள் அசதி இல்லாமல் இரண்டு வாரம் முடித்திருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு முறையும் முன்னால் 5 நிமிட நடை, பின்னால் 5 நிமிட நடை. நடுவில் செய்ய வேண்டியது:

1, 2-ஆம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 7 முறை.
3, 4: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 முறை.
5, 6: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 5 முறை.
7, 8: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 4 முறை.
9, 10: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 முறை.
11, 12: 12 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 2 முறை.

ஓட்டம் என்றால் நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை இந்தக் கட்டத்தில் பெரிதாக நம்ப வேண்டாம். கீமோவுக்குப் பிறகு சும்மா இருக்கும்போதே துடிப்பு கூடுதலாக இருப்பது சகஜம். இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இரண்டு பேருக்குமே பொருந்தாது.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதை நாள்காட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை வழக்கமான அசதிதானா? மூட்டுவலி 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்ததா? கை அளவு மாறவில்லையே? மூன்றுக்கும் சரியென்றால் முன்னேறலாம். இல்லையென்றால் அதே படியில் இன்னொரு வாரம். 12 வாரம் 20 வாரமானாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கடைசிவரை நடுநடுவே நடந்துதான் 5 கி.மீ. முடிக்கிறீர்கள் என்றாலும் அதுவும் ஓட்டம்தான். அதற்குப் பிறகு தூரத்தைக் கூட்டும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றுவதுதான் காயத்துக்கு நேர்வழி.

தசைப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

ஓட்டம் பிடித்தவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். ஆனால் கீமோவாலும் படுக்கையாலும் கரைந்த தசையை ஓட்டம் மட்டும் திருப்பித் தராது. வாரம் இரண்டு நாள், ஓட்டம் இல்லாத நாட்களில்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்தல், படியில் ஏறி இறங்குதல், குதிகாலைத் தூக்கி நிற்றல், மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் உயர்த்துதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. அறுவை நடந்த பக்கக் கைக்கு அரை கிலோவில் தொடங்குங்கள். இரண்டு முறை செய்தும் கை கனக்கவில்லை என்றால் அடுத்த சிறிய எடை. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் எடையைக் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். எலும்புப்புரை உள்ளவர்கள் வயிற்றை மடக்கி எழும் பயிற்சிகளையும், குனிந்து முறுக்கும் அசைவுகளையும் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பின் முன்பகுதி நசுங்குவது அப்படித்தான்.

மாத்திரைகள் தரும் தொல்லை

லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் காலையில் எழும்போது விரல், முழங்கால், கணுக்கால் எல்லாம் இறுகியிருக்கும். இதனால் மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு, அது தவறு. அமெரிக்க ஆய்வாளர் மெலிண்டா இர்வின் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட ஏரோபிக் பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் ஒரு வருஷம் செய்த பெண்களுக்கு இந்த மூட்டுவலி 29 சதவீதம் குறைந்தது. இறுக்கம் உள்ளவர்கள் விடியற்காலையில் ஓடுவதைவிட, எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து ஓடுவது மேல். முன்நடையை 5 நிமிடத்திலிருந்து 10 ஆக்கிக்கொள்ளுங்கள்.

டமாக்சிஃபென் என்ற இன்னொரு வகை ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது இரண்டு வகை மாத்திரையிலும் உண்டு. கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய அடுக்காக உடுத்துவதும், வெயில் ஏறாத நேரத்தில் ஓடுவதும் உதவும்.

சாப்பாடு, எடை, மது

இங்கே மாயம் எதுவும் இல்லை. தட்டில் பெரும்பகுதி காய்கறி, பழம், முழுதானியம், பருப்பு. மீதியில் முட்டை, மீன், பால், இறைச்சி ஏதாவது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். அதை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் தசைக்கு நன்றாகச் சேரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உணவில் சேரும் அளவான சோயாவால் கெடுதல் இல்லை. சோயா மாத்திரைகள் வேறு விஷயம், அவை வேண்டாம். கால்சியம் உணவோடு சேர்த்து நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி.; வைட்டமின் டி-யை ரத்தத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். கீமோ நடக்கும்போது ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை மருத்துவருக்குத் தெரியாமல் விழுங்காதீர்கள்.

எடை கூடியிருந்தால் வாரத்துக்கு அரை கிலோ குறைவது போதும். கீமோ நடக்கும்போதும், அறுவைக் காயம் ஆறும்போதும் எடை குறைக்க முயல வேண்டாம். மது கொஞ்சமாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

ஓடினால் நோய் திரும்பி வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரை வைத்து நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மூன்று வருஷம் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்தாம் வருஷத்தில் நோயின்றி இருந்தார்கள். அப்படி மேற்பார்வைப் பயிற்சி இல்லாத குழுவில் 74 சதவீதம். மார்பகப் புற்றுநோயில், பயிற்சி செய்பவர்கள் நீண்ட நாள் நன்றாக இருக்கிறார்கள் என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அதை வைத்து உத்தரவாதம் கொடுக்க முடியாது. நோய் திரும்பிய ஒருவரிடம் "நீங்க சரியா ஓடலையா?" என்று யாராவது கேட்டால், அது அறியாமை. மாத்திரையை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் நம்புவது அதைவிடப் பெரிய அறியாமை.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றி மயக்கம் வருவது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, திடீர் மூச்சுத்திணறல்: நின்று, உட்கார்ந்து, அவசர உதவியைக் கூப்பிடுங்கள். இரண்டு காலும் திடீரென்று பலமிழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது தண்டுவடம் அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம்; இதுவும் அதே அவசரம்.

வலியெல்லாம் பயப்பட வேண்டியதல்ல. ஓட்டத்தால் வரும் தசைவலி பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்து நாளில் போய்விடும். ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், குறிப்பாகக் கீழ்க்காலின் முன்னெலும்பிலோ பாதத்திலோ, அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். படம் எடுக்கும்வரை ஓடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போதும் வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். எவ்வளவு சின்ன வலியானாலும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

விட்டுப்போனால்

காய்ச்சல், ஸ்கேன் நாட்கள், மறுசீரமைப்பு அறுவை, மனசு சரியில்லாத வாரங்கள் என்று இடைவெளி வந்தே தீரும். ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட படியிலேயே தொடருங்கள். இரண்டு வாரம் என்றால் ஒரு படி இறங்குங்கள். மூன்று, நான்கு வாரம் என்றால் இரண்டு படி. அதற்கு மேல் போய்விட்டால் 30 நிமிட வேகநடையில் இரண்டு வாரம் இருந்துவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரம் ஏறிவிடலாம். மறுபடி அறுவை நடந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தோளில் இருந்து தொடங்க வேண்டும், கையின் அளவையும் புதிதாக எடுத்து எழுத வேண்டும்.